பெயர் சரி, இலக்கம் எது?



சென்ற இதழ் பிந்தித்தான் உங்கள் கைக்கு வந்தது. பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பலர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டீர்கள். "புத்தகம் நின்னுபோச்சாங்க ஐயா?" என்று பதறிப்போய் விசாரித்தார் ஒரு பெரியவர். நிற்கவில்லை. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிந்தியதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது நாளைக்கு உங்கள் வீட்டுக் கதவையும் தட்டக்கூடியது.

நம் இதழின் பக்கங்களை வடிவமைத்துத் தரும் தம்பி நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து டிவிசனில் இருக்கிறார். அவரிடம் இருப்பது 2018இல் வாங்கிய கணினி. படங்கள் கூடிய பக்கம் என்றால் அது திணறும். புதுக் கணினி வாங்குவதை நினைத்துப் பார்க்க முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது கூடிய விலைகள் பிறகு முழுதாக இறங்கவே இல்லை. ஆகவே புரொசசரை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தோம். பழையதை ஹட்டனில் ஒருவருக்கு விற்று, அந்தக் காசோடு இதழின் கையிருப்பையும் சேர்த்து, கொழும்பிலுள்ள ஓர் இணையவழிக் கடையில் இன்டெலின் ஒன்பதாம் தலைமுறை ஐ5 புரொசசர் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தார் தம்பி. மதர்போர்டின் பெயரைச் சொல்லி, "இதுக்குச் சரிவருமா?" என்று தொலைபேசியில் கேட்டும் கொண்டார். சரிவரும் என்றார்கள்.

கூரியர்காரர் டிவிசன் வரைக்கும் ஏறமாட்டார் என்பது நமக்குத் தெரிந்ததே. மழையில் நோர்வூட் சந்திக்கு இறங்கி, காசைக் கொடுத்து, பார்சலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். பொருத்தினார். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றினார், துடைத்தார், மறுபடி பொருத்தினார். விடியும் வரை அதேதான்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தவரின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. "நான்தான் என்னமோ கெடுத்துட்டேன் சேர்" என்றார். கெடுத்தது அவரில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது இதுதான்: தவறு என் கையில். கொழும்பிலிருந்து, கண்ணாடிக் கடையிலிருந்து, சீல் வைத்த பெட்டியில் வந்தது எப்படிப் பிழையாக இருக்கும் என்ற எண்ணம். கடைக்காரரைக் கூப்பிட்டோம். "நீங்க கேட்ட மாடல்தானே வந்திருக்கு. சீல உடைச்சிட்டீங்க, இனி எடுக்க ஏலாது" என்று முடித்துக்கொண்டார்.

மூன்றாவது கிழமை ஹட்டனில் கணினி திருத்தும் ஒருவர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். அவர் செய்தது சின்ன வேலைதான். புரொசசரின் உலோக மூடியில் பொறித்திருந்த ஐந்தெழுத்துக் குறியீட்டைப் பூதக்கண்ணாடியால் படித்தார். மதர்போர்ட் கம்பனியின் இணையத்தளத்தில் அந்தப் போர்ட் ஏற்கும் புரொசசர்களின் பட்டியலைத் திறந்தார். அதே ஐ5, அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளில் இருந்தது. நமக்கு வந்தது பிந்திய திருத்தம். அது ஓட, போர்டிலுள்ள பயோஸ் மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும். நம் போர்டில் இருந்தது 2018ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் புதிய பதிப்பை ஏற்ற, ஏற்கெனவே ஓடக்கூடிய ஒரு புரொசசர் தேவை. அதைத்தான் நாங்கள் விற்றுவிட்டோமே. அவரே ஒரு பழைய புரொசசரை இரவல் தந்து, பயோஸை ஏற்றி, நம்முடையதைப் பொருத்தினார். கணினி எழுந்தது. மூன்று கிழமை போனதும் இதழ் பிந்தியதும் அந்த ஐந்தெழுத்தால்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் தேயிலைதான் நினைவுக்கு வந்தது. கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் தொடங்கியது. ஏலத்துக்குப் போகும் தேயிலையை யாரும் வெறுமனே இன்ன தோட்டத்து பி.ஓ.பி. தரம் என்று வாங்குவதில்லை. தோட்டத்தின் மார்க், தரம், நிறை, அதோடு இன்வொயிஸ் இலக்கம். ஒரே தொழிற்சாலை, ஒரே தரம், ஆனால் இந்தக் கிழமை அரைத்தது ஓர் இன்வொயிஸ், அடுத்த கிழமை அரைத்தது இன்னோர் இன்வொயிஸ். இரண்டுக்கும் சாம்பிள் வேறு, விலை வேறு. கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் வீட்டிலிருந்து போகும் பொருளுக்கு இவ்வளவு கணக்கு உண்டு. அந்த வீட்டுக்குத் திரும்பி வரும் பொருளுக்கு மட்டும் ஏன் இல்லை?

புரொசசருக்கும் இன்வொயிஸ் இலக்கம் போல் ஒன்று இருக்கிறது. அத்துறையில் ஸ்டெப்பிங் என்பார்கள், நாம் திருத்தப் பதிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சிப்பை வடிவமைத்து முதன்முதலில் அச்சிட்டெடுப்பது பொதுவாக ஏ0. பிழை கண்டு, மேலே ஓடும் உலோக இணைப்புகளை மட்டும் திருத்தினால் எண் மாறும்: ஏ1, ஏ2. அடிப்படைப் படலத்தையே மாற்றினால் எழுத்து மாறும்: பி0, சி0. விற்பனைக்கு வந்த பின்பும் இது நடக்கும். சில பிழைகளை பயோஸ் வழியாக மைக்ரோகோட் என்னும் சிப்பின் உள்நிரலை ஏற்றிச் சமாளிக்கலாம். சிலவற்றைப் புதிதாக அச்சிடும் சிப்பில்தான் திருத்த முடியும். எந்தத் திருத்தத்தில் எந்தப் பிழை இருக்கிறது, எதில் தீர்ந்தது என்று கம்பனிகளே ஆவணம் வெளியிடுகின்றன. ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் போடுவதில்லை, அவ்வளவுதான்.

இதன் பழைய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1994இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி தன் கணக்குகளில் விடை ஒத்துவராததைக் கண்டார். இன்டெலின் பென்டியம் சிப் சில வகுத்தல்களைத் தப்பாகச் செய்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த ஓர் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்ததுதான் காரணம். முதலில் தயங்கிய இன்டெல், அந்த டிசம்பரில் கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்கென 475 மில்லியன் டொலரைக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கலாம் என்பதைப் பொதுமக்கள் அறிந்தது அப்போதுதான்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2007. அந்த ஜனவரியில் இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600 வந்தது. நான்கு கோர், 2.4 கிகாஹேர்ட்ஸ். முதலில் வந்தது பி3 திருத்தம், அதன் வெப்ப அளவு 105 வாட். அதே ஆண்டு நடுப்பகுதியில் ஜி0 வந்தது, 95 வாட். பெயர் அதேதான். ஆனால் ஜி0 சூடு குறைந்தது, வேகத்தைக் கூட்டி ஓட்டுவதற்கு இடம் கொடுத்தது. வாங்குவோர் ஜி0தான் வேண்டும் என்று நின்றார்கள். கடைகளின் களஞ்சியத்தில் இரண்டும் கலந்து கிடந்தன. அப்போது மக்கள் கண்ட வழிதான் இன்றைக்கும் வழி: பெட்டியின் வெளிப்புற லேபிளில் உள்ள குறியீட்டைக் கேட்பது. எஸ்எல்9யூஎம் என்றால் பி3, எஸ்எல்ஏசிஆர் என்றால் ஜி0. கேட்பவர்கள் பெருகியதும் சில கடைகள் ஜி0 என்று தனியே எழுதி விற்கத் தொடங்கின. வாங்குகிறவன் விடாமல் கேட்டதால் மாறிய காரியம் அது.

ஏஎம்டி கம்பனியிடம் இரண்டு விதமான நடத்தையையும் பார்க்கலாம். 2007 நவம்பரில் வந்த அதன் ஃபீனொம் சிப்பின் பி2 திருத்தத்தில் ஒரு பிழை இருந்தது. பயோஸ் வழியாக அடைத்தால் வேகம் குறைந்தது. 2008 மார்ச்சில் பிழை தீர்ந்த பி3 வந்தபோது இலக்கத்தையே மாற்றினார்கள்: 9750, 9850 என்று கடைசியில் 50 வரும். அது நேர்மையான காரியம். எவரும் ஏமாற வழியில்லை. அதே கம்பனி 2017 ஏப்ரலில் ரைசன் 5 1600ஐ 14 நானோமீற்றரில் வெளியிட்டது. 2019 கடைசியில் 12 நானோமீற்றரில் செய்த மேம்பட்ட சிப்பை அதே 1600 என்ற பெயரில் விற்றது. வித்தியாசம் பாகத்தின் நீண்ட எண்ணில் ஓர் எழுத்து: ஏஇ என்றிருந்தால் பழையது, ஏஎஃப் என்றிருந்தால் புதியது. நல்ல சரக்கைப் பழைய பெயரில் விற்றதற்கு யார் கோபிப்பார்கள் என்று நினைக்கலாம். புதியது என்று நம்பிக் காசு கொடுத்துப் பழையது வந்தவர் கோபிப்பார். இந்த ஒன்றில் கடைக்காரரை விடக் கம்பனியின் மேல்தான் எனக்கு வருத்தம்.

இன்டெலின் ஐ9-9900கேயும் அப்படித்தான். 2018 ஒக்டோபரில் வந்தது பி0 (ஆங்கில P), குறியீடு எஸ்ஆர்இஎல்எஸ். மறு ஆண்டு வந்தது ஆர்0, குறியீடு எஸ்ஆர்ஜி19. ஆர்0க்குப் புதிய பயோஸ் வேண்டும். நம் ஐ5இல் நடந்ததும் இதே குடும்பத்துக் கதை.

கடைக்காரரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அநேகர் ஏமாற்றும் எண்ணத்தோடு அனுப்புவதில்லை. கம்பனி திருத்தம் மாற்றும்போது மொத்த வியாபாரிகளுக்கு அறிவித்தல் அனுப்பும். அது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் சின்னக் கடை வரை வந்து சேராது. இணையப் பக்கத்தில் இருப்பது கம்பனி கொடுத்த படம். களஞ்சியத்தில் பெட்டி எடுக்கும் பையன் பார்ப்பது மாடல் பெயரை மட்டும். ஆனாலும் லேபிள் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

திருத்தத்தைப் பெட்டியில் எழுத முடியாது என்று கம்பனிகள் சொல்லவும் இடமில்லை. 2011 ஜனவரி 31ஆம் திகதி இன்டெல் தன் புதிய சிப்செட் ஒன்றில் கோளாறு இருப்பதாக அறிவித்து ஏற்றுமதியை நிறுத்தியது. திருத்திய பி3 சிப்செட்டோடு போர்டுகள் வந்தபோது, தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேல் பி3 என்று கண்ணில் படும்படி போட்டு அனுப்பினார்கள். இல்லாவிட்டால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. முதலில், எல்லாருக்கும் இந்தக் கவலை தேவையில்லை. முழுக் கணினியாகவோ மடிக்கணினியாகவோ வாங்குகிறவருக்கு, பொருத்தித் தந்தவரே பொறுப்பு. 12ஆம் தலைமுறை ஐ5-12400 சி0, எச்0 என இரண்டு திருத்தங்களில் வந்தது. வீட்டு வேலைக்கும் படிப்புக்கும் எது வந்தாலும் குறையில்லை, அதற்காகக் கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம். பழைய போர்டுக்குப் புரொசசர் மட்டும் வாங்குகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். நம் பகுதியில் அப்படி வாங்குகிறவர்கள்தான் அதிகம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கணினி கட்டிக் கொடுக்கும் அப்பாமாரை எனக்குத் தெரியும்.

ஓடர் கொடுக்கும் முன் போர்ட் கம்பனியின் தளத்தில் புரொசசர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் மாடலுக்கு நேரே திருத்தமும் அதற்கு வேண்டிய பயோஸ் பதிப்பும் இருக்கும். உங்கள் போர்டில் இப்போதுள்ள பதிப்பு, கணினி தொடங்கும்போது பயோஸ் திரையில் தெரியும். பழைய புரொசசர் கையில் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். எங்களைப் போல முதலில் விற்றுவிடாதீர்கள். பயோஸ் ஏற்றும்போது மின்சாரம் போனால் போர்டே செயலிழக்கலாம். காற்றும் மழையுமாக லைட் போய்வரும் நாட்களில் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள், எழுத்தில். "நீங்கள் அனுப்பப்போகும் பெட்டியின் லேபிளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று கேட்டால் போதும். இன்டெல் என்றால் லேபிளில் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும். ரைசன் பெட்டியில் பக்கவாட்டுத் திறப்பு வழியாகச் சிப்பின் மூடியே தெரியும், பாக எண்ணை அதிலேயே படிக்கலாம். பெட்டியில்லாமல் வரும் ட்ரே சரக்கு என்றால், சிப்பின் முகத்தையே படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு உத்தரவாதம் தருவது கம்பனியா, கடையா, எத்தனை மாதம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இன்டெல் பெட்டியில் வருவதற்குக் கம்பனி 3 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. ட்ரே சரக்கில் அந்த உரிமை நேரடியாக உங்களுக்கு வராது.

பார்சல் வந்ததும் சீலை உடைக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பை அப்படித்தான் நாங்கள் அறியாமல் இழந்தோம். குறியீடு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. முதலில் அதைப் படித்து, அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். உடைப்பதானால் யாரையாவது கைத்தொலைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு உடையுங்கள். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நியூஎக் என்ற பெரிய இணையக் கடையில் ஐ7-920 வாங்கிய சிலருக்குப் பெட்டிக்குள் போலிச் சிப்பே வந்தது. அங்கும் அது நடக்கும். பொருத்திய பின் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் ஸ்டெப்பிங், ரிவிஷன் இரண்டையும் காட்டும். அந்தத் திரையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறோம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். இன்ன குறியீடு என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் அது விவரணத்தின் ஒரு பகுதி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தையோ ஒப்பந்தத்தையோ தள்ளக்கூடாது என்கிறது. உங்கள் வட்ஸ்அப் செய்திக்குப் பெறுமதி உண்டு, அழித்துவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தவறான எண்ணத்தைத் தரும் விதத்தில் வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

ஒரு புரொசசர் 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் அந்தச் சிறிய பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய பதினைந்து நாள் பேர், அதாவது பதினைந்து நாள் சம்பளம். நிறை குறைந்தால் அரைப் பேர் போட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தராசில் அத்தனை கண்டிப்பைக் கண்டவர்களின் பணத்துக்கு, ஐந்தெழுத்தைப் படித்துச் சொல்லும் மரியாதை கிடைக்க வேண்டும்.

கொழும்பிலும் ஹட்டனிலும் இணையவழியில் கணினிப் பாகங்கள் விற்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விற்பனைப் பக்கத்தில் மாடல் பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: திருத்தம் இன்னது, குறியீடு இன்னது. இருப்பில் இரண்டு கலந்திருந்தால் கலந்திருக்கிறது என்றே எழுதுங்கள். ட்ரே என்றால் ட்ரே என்று போடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தால் டிவிசனில் இருக்கும் பிள்ளை உங்களை நம்பித் திரும்ப வரும். அப்படி எழுதி விற்கும் கடைகளைப் பற்றி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள் வாசகர்களே, நாங்கள் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.

பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்
நோர்வூட்